கஞ்சிராக்காரர் நடத்திய கச்சேரி

சில வருடங்களுக்கு முன் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஓர் ஆண்டு மலரில் வந்தது. அதன் நகலை எடுத்துக்கொண்டு திருக்கோகர்ணத்தில் இருந்த வயதான தவில் வித்வான் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது. பேத்தியை வாசிக்கச் சொல்லி முழுவதையும் கேட்டார். நடுவில் இரண்டு தடவை சிரித்தார். எந்த இடத்தில் என்று கவனித்து வைத்துக்கொண்டேன். இரண்டுமே நான் உருகி உருகி எழுதிய இடங்கள்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஒண்ணு கேக்கணும். அவரு வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

"எப்படிய்யா கேக்க முடியும்? 1936லயே போயிட்டாரே."

"அதான். கேட்ட மாதிரி எழுதியிருக்கீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குப் பேருந்தில் திரும்பும்போது அந்தக் கட்டுரையை மறுபடி படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் கதைகள். இன்னார் சவால் விட்டார், பிள்ளைவாள் பதில் சொன்னார், சபை எழுந்து நின்றது, எதிரில் இருந்தவர் கண்ணீர் விட்டார். வாசிப்பைப் பற்றி நான் எழுதியிருந்த வரிகளில் இருந்தவை 'இடி', 'மின்னல்', 'அருவி' ஆகிய மூன்று பெயர்ச்சொற்கள். எந்த லய வித்வானைப் பற்றி வேண்டுமானாலும் அவற்றை எழுதலாம். வானிலை அறிக்கையிலும் எழுதலாம்.

அந்தக் கட்டுரைக்குச் செய்யும் திருத்தம் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டிராத ஒரு கலைஞனைப் பற்றி விமர்சனமாக என்ன சொல்ல முடியும் என்பதுதான் என் கேள்வி. இதில் எனக்கு உதவியவர், கேட்டால் சிரிப்பீர்கள், ஒரு ஜெர்மானியர்.

முதலில் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை லயப் பரம்பரை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். மாமுண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். தொண்டைமான் சமஸ்தானத்தில் விளக்கேற்றும் வேலை பார்த்தவர் என்பது செவிவழிச் செய்தி. மாரியப்பத் தவில்காரரிடம் லயம் கற்றார். கற்ற கணக்கை அவர் கொண்டுபோய் வைத்தது தவிலில் இல்லை, கஞ்சிராவில். பஜனைக் கூட்டத்தில் ஓரமாகத் தட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் அவர். தஞ்சாவூர் நாராயணசாமி அப்பா மிருதங்கத்தின் பெரிய பெயராக இருந்த காலத்தில் அவர் முன்னால் போய் வாசித்துக் காட்டினார், அப்பாவும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார் என்ற கதையைப் புதுக்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருடைய சீடர்களில் முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் 1875இல் பிறந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை. மற்றவர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டும் வாசித்தார். பெயர் நிலைத்தது கஞ்சிராவில். 1936இல் மறைந்தார். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும்தான் தொடங்கின. அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். ஒரு தனி ஆவர்த்தனத்தின் முன்னுரைக்குக்கூட அது போதாது. ஆகவே அவர் ஒரு முழுக் கச்சேரியில் என்ன செய்தார் என்பதைக் கேட்க நமக்கு வழியே இல்லை.

இனி ஜெர்மானியர். கார்ல் ரிக்டர். 1926இல் பிளாவன் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். லைப்சிக்கில் பாக் பணிபுரிந்த அதே புனித தோமையார் தேவாலயத்தில் 23 வயதில் ஆர்கன் வாசித்தார். 1951இல் மியூனிக்குக்கு வந்து, அங்கே பாக் இசைக்கென்றே ஒரு பாடகர் குழுவையும் வாத்தியக் குழுவையும் உருவாக்கினார். 1956இல் பாக் வகித்த அதே பதவிக்கு லைப்சிக் அவரை அழைத்தபோது போக மறுத்துவிட்டார். 1981 பிப்ரவரியில், 54 வயதில், மாரடைப்பால் இறந்தார். அதே ஆண்டு மே மாதம் பாலக்காடு மணி ஐயரும் போனார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, ஏனோ இரண்டும் என் நினைவில் சேர்ந்தே கிடக்கின்றன.

எனக்கு ரிக்டர் கிடைத்தது ஓர் ஒளிப்படத்தில். பாக்கின் பிராண்டன்பர்க் கச்சேரிகளை ஓர் அரண்மனைக் கூடத்தில் வைத்து 1970இல் படம்பிடித்திருக்கிறார்கள். ஐந்தாவது கச்சேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஹார்ப்சிகார்டு. அதன் முன்னால் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். கையில் குச்சி கிடையாது. வாசித்துக்கொண்டே தலையாட்டுகிறார், ஒரு கை ஓய்ந்தால் அந்தக் கையை உயர்த்திக் குழுவுக்கு ஜாடை காட்டுகிறார், உடனே மறுபடி கட்டைகளுக்குப் போய்விடுகிறார். பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, 'அட, இந்த ஆள் பக்கவாத்தியத்திலிருந்து கச்சேரி நடத்துகிறாரே' என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்து ஐரோப்பியக் குழுக்களில் ஹார்ப்சிகார்டு என்பது அடித்தள வாத்தியம். மேலே வயலினும் குழலும் பாடும்போது கீழ் ஸ்வர வரிசையைப் பிடித்துக்கொண்டு இடைவெளிகளை நிரப்புவது அதன் வேலை. நிறுத்தினால் ஏதோ குறைகிறது என்று தெரியும், வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நம் தம்புராவும் கடமும் சேர்ந்த ஒரு ஸ்தானம் என்று வைத்துக்கொள்ளலாம். சத்தமும் சிறிது. தந்தியைச் சுண்டுகிற வாத்தியம் என்பதால் விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி பெரிதாகக் கூடுவதில்லை. அப்படிப்பட்ட வாத்தியத்துக்கு 1721இல் பாக் ஒரு காரியம் செய்தார். ஐந்தாம் கச்சேரியின் முதல் பகுதியில், மற்றவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக அடங்கிப்போக, ஹார்ப்சிகார்டு மட்டும் 65 அளவுகள் தனியாக வாசிக்கிறது. நமக்குப் புரிகிற சொல்லில் சொன்னால் தனி ஆவர்த்தனம். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து பல்லவி வரியை எடுப்பதுபோல ஆரம்ப வரியை எடுக்கிறார்கள். ரிக்டர் அந்த இடத்தில் குழுவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமில்லை. அவர் வந்து இறங்குகிற இடம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இதைப் பார்த்த பிறகுதான் தட்சிணாமூர்த்திப் பிள்ளையைப் பற்றிய கதைகளைச் சவால் கதைகளாகப் படிக்காமல் வேறு விதமாகப் படிக்க முடிந்தது.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகள் 1920களில் பிரசித்தம். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள். கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. கஞ்சிராவுக்குத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. நீதிமன்றத்திலிருந்து எடுத்த அந்தப் பெயரே நமக்கு ஒரு சித்திரத்தைக் கொடுத்துவிடுகிறது. பாடகர் வழக்காடுகிறார், பக்கத்தில் இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். அல்லது இன்னும் மோசமாக, எல்லோரும் சேர்ந்து அவரை விசாரிக்கிறார்கள். இதை ஒரு மல்யுத்த காலம் என்றும், பாட்டைத் தாளம் விழுங்கிய காலம் என்றும், அரியக்குடி வந்து நம்மைக் காப்பாற்றினார் என்றும் எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆறேழு பேர் உட்கார்ந்து ஒரு சிக்கலான பல்லவியை வாசிக்கிறார்கள். நம் மேடையில் நடத்துநர் என்று தனியாக ஒருவர் கிடையாது. பாடகர் கையில் தாளம் இருக்கிறது, அவ்வளவுதான். நான்கு லய வாத்தியங்கள் எப்போது வாசிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும், சங்கதியின் எந்தத் திருப்பத்தில் யார் சேர வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்யாமல் இது ஒரு மணி நேரம் ஓடாது. ஓடியிருந்தால் இரைச்சலாகத்தான் ஓடியிருக்கும். இரைச்சலைக் கேட்கக் கூட்டம் ஒருமுறை வரும், வருடக்கணக்காக வராது. டி.கே. பட்டம்மாள் காஞ்சிபுரத்தில் சிறுமியாக இருந்தபோது நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர், அவரைத் தன் மானசீக குருவாகக் கொண்டவர். பின்னாளில் பெண்கள் பல்லவி பாடுவதா என்று முகம் சுளித்த காலத்தில் மேடையில் பல்லவி பாடியவரும் அவரே. அவருடைய பல்லவியில் நான் கேட்பது நிதானம். சொல் சிதையாமல் வந்து இடத்தில் அமர்வது. மல்யுத்தம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அது வராது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் அந்த மேடையில் நடத்தியவர் யார்? வழக்கப்படி லய வரிசைக்குத் தலைவர் மிருதங்கக்காரர். தனியைத் தொடங்குபவரும் முடிப்பவரும் அவர்தான். கஞ்சிரா உபபக்கவாத்தியம், வந்தால் வரலாம், வராவிட்டால் கச்சேரி நிற்காது. ஆனால் தட்சிணாமூர்த்திப் பிள்ளை இருந்த மேடைகளைப் பற்றி வாய்மொழியாக வந்த நினைவுகள் எல்லாம் மேடையின் எடை கஞ்சிரா பக்கம் சாய்ந்திருந்ததையே காட்டுகின்றன. இளைஞரான மணி ஐயர் செம்பை கச்சேரிகளில் மிருதங்கம் வாசிக்க, பக்கத்தில் அவரைவிட 37 வயது மூத்த இவர் கஞ்சிரா. வரிசையில் கீழே, வயதிலும் அனுபவத்திலும் மேலே. நான் முன்பு இந்தக் காட்சியை 'பெரியவரின் பெருந்தன்மை' என்று எழுதினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடம் நடத்துவதற்கு ரொம்ப வசதியான இடம். மிருதங்கக்காரர் பாட்டை ஒவ்வொரு வரியாகத் தொடர்ந்தே ஆக வேண்டும், அவருக்கு ஓய்வு இல்லை. கஞ்சிராக்காரருக்கு விட்டுவிட உரிமை உண்டு. விட்டுவிட்டு, எங்கே மறுபடி நுழைகிறார் என்பதை வைத்தே பாட்டின் உருவத்தை மாற்றிவிடலாம். ரிக்டர் ஹார்ப்சிகார்டில் செய்வது இதைத்தான். எல்லா இடத்திலும் வாசிப்பதில்லை. அவர் கை இறங்கும் இடங்களில் குழு முழுவதும் ஒரு பிடிமானத்துக்கு வருகிறது.

கஞ்சிராவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். பலாமரச் சட்டம், உடும்புத் தோல், பக்கவாட்டில் ஒரே ஒரு துளையில் காசுகள். வாசிக்க ஒரு கைதான், மறு கை பிடித்துக்கொள்ளப் போய்விடும். சுருதியும் கிடையாது. உட்புறம் தண்ணீரைத் தெளித்துத் தோலை இறக்க வேண்டும், மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடத்தில் அது ஏறிவிடும். (உடும்பு வேட்டை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இன்றைய கஞ்சிராக்காரர்கள் ஆட்டுத் தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். நல்லதுதான். கும்கியின் அந்த ஈரமான வளைவு மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.) இவ்வளவு வறுமையான வாத்தியத்தில் இடி மின்னல் என்று காட்டுவது எத்தனை நேரம் செல்லும்? பத்து நிமிடம். அதற்கு மேல் மேடையை ஆள வேண்டுமென்றால் எங்கே தட்டக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே 'புதுக்கோட்டை பாணி என்றால் கணக்கு' என்ற புகழ்பெற்ற வாக்கியம் குறுக்கே வரும். தஞ்சாவூர்க்காரர்கள் பாட்டுக்கு வாசிப்பார்கள், புதுக்கோட்டைக்காரர்கள் கணக்குக்கு வாசிப்பார்கள். தவிலிலிருந்து வந்த பரம்பரை அல்லவா, அதனால் கோர்வையும் மோராவுமாகக் கொட்டுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களே இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை.

இதற்கு என்னிடம் இருக்கும் பதில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் ஒலிப்பதிவுகள். 1908இல் பிறந்தவர், இடக்கை வாசிப்பு. தந்தையிடமும் தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடமும் பயின்றவர். அவரை நாம் கேட்க முடியும், நிறையவே கேட்க முடியும். ஜி.என்.பி.க்கும் ஆலத்தூர் சகோதரர்களுக்கும் மதுரை மணி ஐயருக்கும் வாசித்தவை கிடைக்கின்றன. மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாடும்போது பழனியைக் கவனியுங்கள். பெரும்பாலான நேரம் மிகக் குறைவாகவே வாசிக்கிறார். ஒரு சொல், ஒரு இடைவெளி, தொப்பியில் ஒரு கும்கி. அந்தக் கும்கி ஸ்வர வரிசையின் கடைசி எழுத்தின் மேல் விழாமல் அதற்கு ஓர் அணு தள்ளி விழும். பாடகரின் குரல் ஓய்ந்த பிறகு அந்த ஓய்வுக்கு ஓர் அடிக்கோடு போட்டதுபோல இருக்கும். கணக்கு இல்லையா என்றால், இருக்கிறது. கணக்கு இல்லாமல் அப்படித் தள்ளி விழ முடியாது. ஆனால் கணக்கை நம்மிடம் காட்டுவதில் அவருக்கு அக்கறை இல்லை. காட்டுகிற இடம் தனி மட்டும்தான், அங்கேயும் கடைசி சில ஆவர்த்தனங்கள்தான்.

இப்போது ஒரு சபலம் வரும். சீடன் இப்படியென்றால் குருவும் இப்படித்தானே? பழனியைக் கேட்டு அதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாமே? நான் அப்படியும் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிப் பார்த்தேன். அதைத் தூக்கிப்போட வைத்தவரும் ரிக்டர்தான்.

பாக்கின் மத்தேயு திருப்பாடுகளை ரிக்டர் 1958இல் ஒருமுறை பதிவு செய்தார், 1979இல் இன்னொரு முறை. இரண்டும் என்னிடம் உள்ளன. முதலாவதில் 31 வயது ஆள், இறுக்கமான நடை, துயரத்திலும் ஒரு முன்னோக்கிய தள்ளல். இரண்டாவது அதைவிட மெதுவாகவும் கனமாகவும் போகிறது, சில இடங்களில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரே மனிதர், ஒரே இசை, ஒரே நகரத்துக் குழு. இடையில் 21 ஆண்டுகள். இதில் எது 'ரிக்டர் பாணி'? இன்னொன்றும் இடையில் நடந்தது. ஹார்னன்கூர், லியோன்ஹார்ட் போன்றவர்கள் பாக் காலத்து வாத்தியங்களோடும் சிறிய குழுக்களோடும் வந்தார்கள். 1971 முதல் அவர்களுடைய கான்டாட்டா பதிவுகள் வெளிவரத் தொடங்கின. ரிக்டரின் பெரிய குழுவும் நவீன ஹார்ப்சிகார்டும் பழைய காலத்து விவகாரம் ஆகிவிட்டன. உயிரோடு இருக்கும்போதே தன் பெயர் ஒரு வசைச்சொல்லாக மாறுவதைப் பார்த்தவர் அவர். ஒலித்தட்டுகள் எல்லாம் எரிந்துபோய், அவரை எதிர்த்தவர்கள் எழுதியவை மட்டும் மிஞ்சியிருந்தால் நமக்குக் கிடைக்கும் சித்திரம் எது? கொழுத்த, மெதுவான, பக்தி சொட்டும் ஒரு பாக். 1958இன் அந்த வேகம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

தட்சிணாமூர்த்திப் பிள்ளை விஷயத்தில் எரிந்துபோனது ஒலி. மிஞ்சியது அடுத்த தலைமுறையின் ரசனை. அந்த ரசனை சிறிய மேடையை விரும்பியது. வயலின், மிருதங்கம், இருந்தால் ஒரு கடம். ஒலிபெருக்கி வந்தது, சபாக்களின் பட்ஜெட் வந்தது, இரண்டரை மணி நேரக் கச்சேரி வந்தது. ஃபுல் பெஞ்ச் போனதற்கு இவையெல்லாம் காரணம். ஆனால் நாம் அதை அழகியல் வெற்றியாக எழுதிவைத்தோம். லய வாத்தியக்காரரின் ஸ்தானம் என்ன என்பதற்கு ஒரு சின்னத் தகவல் போதும். மியூசிக் அகாதெமி ஒரு மிருதங்க வித்வானுக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது முதன்முதலாக 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி அதற்கு நாலு வருடம் முன்பே, 1962இல், போய்விட்டார். கஞ்சிராவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிறகு ஹரிசங்கர் வந்து, மைக்கை வாத்தியத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கி, அந்தச் சின்னத் தோலிலிருந்து என்னென்ன வரும் என்று காட்டினார். 2002இல் அவரும் 44 வயது ஆகும் முன்பே போனார். அவரைக் கேட்டவர்கள் இருக்கிறோம். அந்த அளவுக்கு நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

எங்கள் மாவட்டத்தில் குடுமியான்மலை இருக்கிறது. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், ஏழாம் நூற்றாண்டு எழுத்தில், ஏழு ராகங்களுக்கான ஸ்வரக் கோவைகள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்று அதிலேயே இருக்கிறது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று தமிழில் ஒரு குறிப்பும் உண்டு. அது என்ன எட்டு, என்ன ஏழு என்று நூறு வருடமாக வாதம் நடக்கிறது. ஒவ்வொரு முறை அங்கே போகும்போதும் அந்த எழுத்துகளின் ஒழுங்கைப் பார்த்து நிற்பேன். ஸ்வரங்கள் அப்படியே இருக்கின்றன. எவ்வளவு வேகம், எங்கே நிறுத்தம், எங்கே அழுத்தம் என்பது மட்டும் இல்லை. அந்த மலையிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள், 1300 வருடம் கழித்து, வேகமும் நிறுத்தமும் அழுத்தமுமே முழு வாழ்க்கையாக இருந்த ஒருவர் வாழ்ந்து போனார். அவர் விஷயத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

போன தை மாதம் மறுபடி திருக்கோகர்ணம் போனேன். பெரியவர் கட்டிலில்தான் இருந்தார். நான் யோசித்ததையெல்லாம் சொன்னேன். ஜெர்மன்காரர் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "வாசிக்காம இருந்தே நடத்தினாருன்னு சொல்றீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க தாத்தா கேட்டிருக்காரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போன தடவை சொல்லலையேய்யா!"

"நீங்க கேக்கலையே. நீங்க வாசிச்சுக் காட்டத்தானே வந்தீங்க."

பேத்தியைக் கூப்பிட்டுத் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டு மிஸ்ர சாபுவில் ஒரு சொற்கட்டைச் சொன்னார். ரொம்பச் சின்னது. இரண்டு ஆவர்த்தனம் எதுவுமே இல்லை, விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் ஆறாம் தட்டுக்கும் ஏழாம் தட்டுக்கும் நடுவில் ஒரு 'தோம்'. பிறகு மறுபடி ஒன்றுமில்லை. நாலாவதில் எதிர்பார்க்காத இடத்தில் ஐந்து எழுத்து ஒரே மூச்சில், சமத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"தாத்தா எனக்குச் சொன்னது இது. பிள்ளைவாள் கஞ்சிராவுல வாசிச்சதுன்னுதான் சொல்லுவாரு. எனக்கு எப்படித் தெரியும்?"

கைபேசியை எடுத்தேன். பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "சொல்லுங்க, கத்துக்குங்க." நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் நான் அந்தத் தோம்மை ஏழாம் தட்டின் மேலேயே போட்டேன். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அவளே ஒருமுறை சரியாகச் சொல்லிக் காட்டினாள்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. புதிய பேருந்து நிலையம் வரும்வரை முன் இருக்கைக் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.